வார்டில் புழங்கும் மருத்துவச் சுருக்கங்கள்: டர்பனில் நர்சிங் வேலைக்கு வருபவர்கள் படிக்க வேண்டிய வரிசை

இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியலை அச்சடித்து, ஏ-யில் ஆரம்பித்து மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களைத்தான் வார்டில் அதிகம் பார்க்கிறேன். சி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள், மருந்துச் சார்ட்டின் நடுவில் ஒரு கிறுக்கல் வந்தால் நின்றுவிடுவார்கள். அகர வரிசை வார்டுக்கு ஒத்துவராது. தப்பாகப் படித்தால் நோயாளியின் உடம்புக்குள் போய்விடும் என்பது எதுவோ அதை முதலில் படியுங்கள். தப்பாகப் படித்தால் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான் என்றால் அது கடைசியில் வரட்டும்.

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தோ வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நர்சாகவோ உதவி நர்சாகவோ சேர்பவர்களுக்கும், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதி வீடுகளில் தாத்தா ஆயாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். ஊரில் ஏற்கெனவே பல வருஷம் நர்சாக இருந்தவர்கள் ஐந்தாம் பகுதியை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் தடுக்கி விழுவதே அங்கேதான்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் மருத்துவமனை ஒப்புக்கொண்ட சுருக்கங்களின் பட்டியலை வார்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே எழுத்துகளுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனையில் ஒரு பழக்கம், அடிங்டன் மருத்துவமனையில் இன்னொரு பழக்கம், தனியார் மருத்துவமனையில் வேறொன்று இருக்கலாம். ஏதாவது தப்பு நடந்து விசாரணை வந்தால் இணையப் பட்டியல் உங்களைக் காப்பாற்றாது, "நம் பட்டியலில் இது இருந்ததா" என்றுதான் கேட்பார்கள்.

எழுதாத வெற்று மருந்துச் சார்ட் ஒன்று, பி.பி., நாடி எல்லாம் குறிக்கும் வெற்று அப்சர்வேஷன் சார்ட் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் எந்தச் சுருக்கம் வரும் என்று தெரிந்தாலே பாதி படித்த மாதிரி. ஒரே எழுத்து வழிக் கட்டத்தில் வந்தால் ஒரு பொருள், நோய் விவரத்தில் வந்தால் வேறு பொருள்.

சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வேண்டும். அதில் சுருக்கங்களை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். நான் இங்கே தமிழில் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள், இது படிப்பதற்கு. நோட்டில் 'பி.டி.' என்று தமிழில் குறித்து வைத்தால், தினம் இரண்டு வேளை என்பதா, பிசியோதெரபியா, இரத்தம் உறையும் நேரத்துக்கான டெஸ்டா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது. மூன்றும் தமிழில் ஒரே மாதிரி விழும். போனிலும் இதே தொல்லை உண்டு, அதனால் P-க்கு 'பாப்பா', B-க்கு 'பிராவோ', T-க்கு 'டாங்கோ', D-க்கு 'டெல்டா' என்று எழுத்துக்கு ஒரு சொல் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

நோயாளியின் சார்ட்டைப் போனில் படம் எடுத்து "வீட்டில் போய்ப் படிக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். பெயரும் நோயும் சேர்ந்து இருக்கும் காகிதம் அது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லோரும் 'போப்பியா' என்பது, 2021 ஜூலை முதல் முழுக்க அமலில் இருக்கிறது. வாட்சாப் குழுவில் அந்தப் படம் போனால் பிரச்சினை உங்கள் தலையில்தான். வெற்றுச் சார்ட் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. நேரத்தைச் சொல்லும் சுருக்கங்கள்

இவை எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஒரே நாளில் முடித்துவிடலாம். 'ஸ்டாட்' என்றால் இப்போதே, ஒரே ஒரு தடவை. 'மானே' காலையில். 'நாக்டே' இரவில். 'பி.டி.' தினம் இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'க்யூ.ஐ.டி.' நான்கு வேளை. 'ஏ.சி.' சாப்பாட்டுக்கு முன், 'பி.சி.' சாப்பாட்டுக்குப் பின். 'பி.ஆர்.என்.' தேவைப்பட்டால்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது 'க்யூ.ஐ.டி.'யும் '6 மணிக்கொரு தடவை'யும் ஒன்றுதானே என்பதில். இரண்டிலும் நான்கு டோஸ்தான், சரி. ஆனால் 6 மணிக்கொரு தடவை என்றால் இடைவெளி சமமாக இருக்க வேண்டும், தூங்குபவரை எழுப்பியாவது கொடுக்க வேண்டும், ஆன்டிபயாடிக்கில் அப்படித்தான் வரும். க்யூ.ஐ.டி. என்றால் பெரும்பாலும் விழித்திருக்கும் நேரத்துக்குள் நான்கு வேளை. உங்கள் வார்டு எந்த மணிகளை வைத்திருக்கிறது என்று சார்ட்டின் மேல் வரியில் பாருங்கள். 14h00 என்று 24 மணிக் கணக்கில்தான் இருக்கும், அதையும் கண்ணுக்குப் பழக்குங்கள்.

பி.ஆர்.என். எழுதிய மருந்துக்கு மூன்று கேள்வி கேட்காமல் கை வைக்காதீர்கள்: எதற்காக, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தது. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாரசிட்டமால் 1 கிராம் 6 மணிக்கொரு தடவை பி.ஆர்.என். என்று சீட்டில் இருக்கும், அதுவே பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பைத் தொட்டுவிடும். ஆயாவின் தலையணைக்கு அடியில் 'கிராண்ட்பா' பவுடர் பொட்டலம் இருக்கும், அதிலும் பாரசிட்டமால் இருக்கிறது, ஆஸ்பிரினும் இருக்கிறது. சீட்டைப் படித்தால் மட்டும் போதாது, இழுப்பறையையும் பாருங்கள்.

3. எந்த வழியாகக் கொடுப்பது

'பி.ஓ.' வாய்வழி. 'ஐ.எம்.ஐ.' தசையில் ஊசி, 'ஐ.வி.ஐ.' நரம்பில். ஊரில் ஐ.எம்., ஐ.வி. என்று நிறுத்திவிடுவோம், இங்கே கடைசியில் இன்னொரு ஐ ஒட்டிக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம். 'எஸ்.சி.' தோலுக்கு அடியில், 'எஸ்.எல்.' நாக்குக்கு அடியில். 'பி.ஆர்.' ஆசனவாய் வழி, 'பி.வி.' பிறப்புறுப்பு வழி. 'நெப்' நெபுலைசர், மருந்தை ஆவி மாதிரி மூச்சில் இழுப்பது. 'என்.ஜி.டி.' மூக்குக் குழாய். 'என்.பி.ஓ.' வாயில் எதுவும் கூடாது, தண்ணீர்கூட.

எஸ்.சி.யும் எஸ்.எல்.லும் அவசரக் கையெழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மருந்தின் பெயரைப் பார்த்து "இன்சுலின், அதனால் தோலுக்கடியில்தான்" என்று ஊகிப்பது சரியாகவே வரும், பழக்கமாகிவிட்டால் ஒரு நாள் வராது. அப்புறம் 'ஐ.என்.எச்.' டி.பி. வார்டில் ஐசோனியசிட் மாத்திரையின் பெயர், அதை 'இன்ஹேல்' என்று படித்து மூச்சு வழியாகக் கொடுப்பதாக்கும் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பகுதியும் முடிந்ததும் ஒரு முழு வரியை உடைத்துப் பாருங்கள். சார்ட்டில் இப்படி வரும்: ஃபியூரோசமைடு 40 மி.கி. ஐ.வி.ஐ. ஸ்டாட், பின் 40 மி.கி. பி.ஓ. பி.டி., ஸ்ட்ரிக்ட் ஐ/ஓ, காலையில் யு அண்ட் ஈ. உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது, இப்போதே நரம்பில் 40 கொடு, அது ஒரு தடவைதான், அதற்குப் பிறகு மாத்திரையாகத் தினம் இரண்டு வேளை. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுது. நீர் இறங்கும்போது பொட்டாசியமும் சோடியமும் கலையும், அதனால் காலையில் யூரியாவும் எலக்ட்ரோலைட்டும் பார்க்க இரத்தம் எடு. ஒரு வரியை இப்படிக் காரணத்தோடு சேர்த்துச் சொல்ல வந்துவிட்டால் அந்தச் சுருக்கங்கள் மறக்காது. தனித்தனியாக நெட்டுரு போட்டது மறக்கும்.

4. அளவு: படியுங்கள், ஆனால் நீங்கள் எழுதாதீர்கள்

இந்தப் பகுதியில் வருபவை மற்றவர் எழுதினால் புரிந்துகொள்ள மட்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் 'பயன்படுத்தக் கூடாதவை' என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியல் நம்மைக் கட்டாது, காரணங்கள் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இன்சுலினுக்கு யூனிட் என்பதை ஒற்றை 'யு' என்று எழுதினால், அது சுழியாகத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதுங்கள்.

5 என்பதை 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50. அரை என்பதை .5 என்று எழுதாதீர்கள், அதே புள்ளி காணாமல் போனால் 5. முன்னால் சுழி வேண்டும், பின்னால் சுழி வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பள்ளியில் தசமத்துக்குக் காற்புள்ளி போடச் சொல்லித் தருகிறார்கள், அதனால் இதய மருந்து டிகாக்சினை 0,25 என்று எழுதுபவர்களும் உண்டு. அதை ஆயிரத்துக்குப் போடும் காற்புள்ளி என்று படிக்காதீர்கள்.

மைக்ரோகிராமுக்குக் கிரேக்க எழுத்து ஒன்று போடுவார்கள், அவசரத்தில் அது 'எம்' ஆகிவிடும். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் 1000 மடங்கு இருக்கிறது. தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமாக மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்துப் பெயரைச் சுருக்கவே சுருக்காதீர்கள். பிரசவ வார்டில் வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மக்னீசியம் சல்பேட்டும், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் சல்பேட்டும் சுருக்கினால் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள். 'ஆக்ட்ராபிட்', 'ஆக்ட்ராஃபேன்' இரண்டும் இன்சுலின்தான், ஒன்று சீக்கிரம் வேலை செய்வது, மற்றது கலவை. பாதிப் பெயரோடு நிறுத்தினால் எதை எடுப்பது?

5. ஊரில் ஒன்று, இங்கே ஒன்று

அனுபவசாலிகளுக்கான பகுதி இது. புதியவர் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வார், அனுபவசாலிக்கு அது ஏற்கெனவே தெரிந்த மாதிரியே இருக்கும், அதனால் கேட்கவே மாட்டார்.

'ஓ.டி.க்கு அனுப்பு' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஊரில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். இங்கே அது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குச் சட்டை பித்தானைப் போடக் கற்றுத்தரும் அறைக்கு அனுப்பச் சொன்னால், நீங்கள் அவரைப் பட்டினி போட்டு ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருப்பீர்கள்! தியேட்டருக்கு இங்கே 'தியேட்டர்' என்றே முழுசாக எழுதுவார்கள்.

இன்னொரு ஓ.டி. உண்டு, தினம் ஒரு வேளை என்பது. ஊர்ச் சீட்டு எல்லாவற்றிலும் இருக்கும். அதே எழுத்துகள் வலது கண் என்றும், மருந்து மிகையாகிவிட்டது என்றும் பொருள் தரும். இங்கே 'டெய்லி' என்று எழுதிவிடுங்கள். ஊரில் தேவைப்பட்டால் என்பதற்கு எழுதும் 'எஸ்.ஓ.எஸ்.' இங்கே பலருக்குப் புரியாது, அதற்குப் பி.ஆர்.என்.

உயர் இரத்த அழுத்தம் ஊரில் 'எச்.டி.என்.', இங்கே 'எச்.பி.டி.'. சாலை விபத்து ஊரில் 'ஆர்.டி.ஏ.', இங்கே 'எம்.வி.ஏ.', நடந்து போனவரை வண்டி இடித்தால் 'பி.வி.ஏ.'. மகளிர் வார்டுக்குப் போனால் அதே எம்.வி.ஏ. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் கைக்கருவி முறை. 'ஐ.சி.டி.' என்றால் இங்கே சர்ஜிக்கல் வார்டில் நெஞ்சில் போடும் குழாய், பில் பிரிவில் நோய்க் குறியீட்டு எண், இதய வார்டில் தோலுக்கடியில் வைக்கும் கருவி.

விரல் குத்திப் பார்க்கும் சர்க்கரைக்கு இங்கே 'எச்.ஜி.டி.'. பெயர் மாறுவது பெரிதில்லை, அளவை மாறுவதுதான் ஆபத்து. ஊரில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 5.5 என்றால் 99, நல்லது. 15 என்றால் 270. ஊர்க் கண்ணோடு 15-ஐப் பார்த்துவிட்டு "ஐயோ சர்க்கரை இறங்கிப்போச்சு" என்று குளுக்கோஸ் தேடி ஓடுபவர்கள் உண்டு. நிஜமாகவே இறங்கியது என்றால் 4-க்குக் கீழே. முதல் வாரம் மட்டும் பெருக்கிப் பாருங்கள், அப்புறம் இந்த எண்களிலேயே யோசிக்கப் பழகுங்கள். மனதுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தால் இரவு டியூட்டியில் ஒரு தடவை தப்பும்.

லேப் ரிப்போர்ட்டில் 'எல்.டி.எல்.' என்று பார்த்ததும் கொலஸ்ட்ரால் என்று நினைப்போம். எச்.ஐ.வி. வைரஸ் அளவுக்கான ரிப்போர்ட்டில் அது 'கண்டறியும் வரம்புக்குக் கீழே' என்று பொருள். நல்ல செய்தி அது, மருந்து வேலை செய்கிறது.

6. அப்சர்வேஷன் சார்ட்

பி.பி., பல்ஸ், டெம்ப், மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் காட்டும் எஸ்.பி.ஓ.2 எல்லோருக்கும் தெரியும், தாண்டிப் போவோம். கேஷுவல்டியில் 'டியூஸ்' என்று ஒன்று கேட்பீர்கள். நடமாட்டம், மூச்சு, நாடி, மேல் பி.பி., காய்ச்சல், நினைவு, காயம் ஆகியவற்றுக்குப் போடும் மதிப்பெண்ணின் கூட்டல் அது. 7-உம் மேலும் என்றால் சிவப்பு, உடனே பார்க்க வேண்டும். 5, 6 ஆரஞ்சு, 10 நிமிடத்துக்குள். 3, 4 மஞ்சள், ஒரு மணி நேரத்துக்குள். அதற்குக் கீழே பச்சை, நான்கு மணி நேரம். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் நெஞ்சுவலி மாதிரி சில அறிகுறிகள் தனியாகவே நிறத்தை உயர்த்திவிடும்.

'ஏ.வி.பி.யு.' என்பது நினைவைச் சுருக்கமாகச் சொல்வது: விழிப்பு, குரலுக்குப் பதில், வலிக்குப் பதில், எதற்கும் இல்லை. விரிவாகச் சொல்ல 'ஜி.சி.எஸ்.', 3 முதல் 15 வரை. புதியவர்கள் 'ஜி.சி.எஸ். 10' என்று கூட்டலை மட்டும் எழுதுவார்கள். கண், பேச்சு, அசைவு மூன்றையும் பிரித்து ஈ3 வி2 எம்5 என்று எழுதுங்கள். பேச்சு குறைந்து அசைவு கூடினாலும் அதே 10 வரலாம், அடுத்த ஷிஃப்டுக்கு மாற்றமே தெரியாமல் போகும்.

'பி.ஓ.' இங்கே மறுபடியும் வரும், கவனம். வழிக் கட்டத்தில் வந்தால் வாய்வழி. ஆனால் நர்ஸ் குறிப்பில் மலம் கழித்தார் என்பதற்கும் தமிழில் எழுதினால் இதே எழுத்துகள்தான், ஆங்கிலத்தில் வேறு. முதல் பகுதியில் நோட்டைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

7. நோய்க் குறிப்பும் ஹேண்டோவரும்

'சி/ஓ எஸ்.ஓ.பி. 3/7' என்றால் மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது என்று சொல்கிறார். 3/7 தேதி இல்லை, பின்னமும் இல்லை. கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். '2/52-இல் வரவும்' என்றால் இரண்டு வாரம் கழித்து. இதைச் சொல்லித்தராமல் விட்டால் வருஷக்கணக்கில் தெரியாமலே வேலை செய்வார்கள்.

# போட்டிருந்தால் எலும்பு முறிவு. 'என்.ஏ.டி.' என்றால் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள், ஒழுங்காகப் பார்க்கவேயில்லை என்றும் சிலர் கேலி செய்வார்கள். நீங்கள் நிஜமாகப் பார்க்காத உறுப்புக்கு அதை எழுதாதீர்கள். 'டி.டி.ஓ.' வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து.

'ஆர்.வி.டி.' என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே அது எச்.ஐ.வி.யைக் குறிக்கும். பக்கத்தில் நிற்கிற மகளோ மருமகனோ "அதென்ன சிஸ்டர், ஆர்.வி.டி.?" என்று கேட்டால், உதவி செய்கிற நினைப்பில் விரித்துச் சொல்லிவிடாதீர்கள். நோயாளி யாருக்குச் சொல்ல விரும்புகிறாரோ அவருக்கு மட்டும்தான். சாட்ஸ்வொர்த்தில் ஒருவருக்கொருவர் சொந்தம், ஆடி மாதக் கஞ்சி பூஜைக்குப் போனால் உங்கள் வார்டு நோயாளிகளின் வீட்டார் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரைக் கட்டிலருகே செய்யும்போதும் இதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் இங்கே அது தெரிந்த சொல்தான்.

எச்.ஐ.வி. மருந்தில் 'டி.எல்.டி.' என்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டி.பி.க்கு 'ஆர்.எச்.இசட்.இ.', நான்கு மருந்துக்கு ஆளுக்கொரு குறியெழுத்து. இரண்டும் சேர்ந்து ஓடும் சார்ட்டில் டோலுடெக்ராவிர் பெயர் இரண்டாவது தடவை தனியாக எழுதியிருந்தால் தப்பு என்று நினைத்து அடிக்காதீர்கள். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும் என்பதால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோஸ் கொடுப்பதுண்டு.

8. லேப் சுருக்கங்கள்

எஃப்.பி.சி. இரத்த அணுக்கள், எல்.எஃப்.டி. கல்லீரல், சி.எக்ஸ்.ஆர். நெஞ்சு எக்ஸ்ரே, எம்.சி. அண்ட் எஸ். கிருமியும் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும். இவற்றைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், தப்பாகப் படித்தால் லேபே போன் போட்டுக் கேட்கும். சுருக்கத்தைவிட இரத்தக் குழாயின் மூடி நிறத்தைக் கவனியுங்கள், அது தப்பினால்தான் நோயாளிக்கு இரண்டாவது குத்து.

9. பழகுவது எப்படி

வெற்றுச் சார்ட்டில் நீங்களே கற்பனை ஆர்டர் பத்து எழுதுங்கள், மறுநாள் அதை வாய்விட்டு முழுச் சொல்லில் படியுங்கள். கூட வேலை செய்கிறவரிடம் போனில் ஆர்டர் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். டாக்டர் போனில் சொல்லும்போதும் இதையே செய்யுங்கள். 'பதினைந்து' என்றால் 'ஒன்று, ஐந்து' என்று எண்ணைப் பிரித்தும் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் 15-உம் 50-உம் போனில் ஒன்றாகவே கேட்கும்.

படிக்க முடியாத கிறுக்கல் வந்தால் பக்கத்து நர்சிடம் "இது என்னவா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஊகித்தாலும் அது ஊகம்தான். எழுதிய டாக்டரைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுவார், விழட்டும். பதில் கிடைக்கும் வரை அந்த டோசை நிறுத்தி வையுங்கள், டாக்டர் கிடைக்கவே இல்லை என்றால் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். பிறகு யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, மணி என்ன என்று முழுச் சொல்லில் கறுப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சார்ட்டிலும் அந்த வரியை டாக்டரே வந்து திருத்தி எழுதும்படி கேளுங்கள்.